டிரங்க்கால் அக்காவின் படையெடுப்பு

காஞ்சிபுரத்தில் ‘வெள்ளைப்படுதல்’ என்ற சொல்லைக் குரல் தாழ்த்தாமல் சொன்ன முதல் பெண்மணி எங்கள் டிரங்க்கால் அக்காதான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. வெளியூர் லைனில் கத்திக் கத்திப் பழகிய தொண்டை. சின்ன காஞ்சிபுரத்து மகளிர் விடுதியில் அவர் உப்பு கேட்டால் தேரடியில் யாரோ திரும்பிப் பார்ப்பார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் நானும் அங்கேதான் தங்கியிருந்தேன். ஞாயிறுதோறும் தாமலிலிருந்து மொபெட்டில் ஒரு லேகியக்காரர் வருவார். பெண்களின் அந்தரங்கத் தொல்லை அத்தனைக்கும் ஒரே பொடி. தண்ணீரில் கலக்கிக் கழுவ வேண்டும். நாங்கள் முந்தானைக்குள் மறைத்து வாங்கிப் போவோம். அக்கா மட்டும் வாசலில் மறிப்பார்.

“இன்னாபா இது?”

“படிகாரம், மாசிக்காய்... மூலிகைம்மா. கெடுதலே வராது.”

“பொடி போட்டவங்களையும் போடாதவங்களையும் வச்சு யாராவது சோதிச்சுப் பாத்தாங்களா?”

“தாத்தா காலத்துலேர்ந்து குடுக்கறோம்மா.”

“உங்க தாத்தாவுக்கு வெள்ளப்பட்டுச்சா?”

மொபெட் தானாகவே கிளம்பியது போலிருந்தது.

அந்த மழைக்காலத்தில் என் அறைத்தோழி சுமதிக்கு அரிப்பு. பொடியால் கழுவக் கழுவ எரிச்சல் கூடியது. பிறகு அடிவயிற்று வலி, காய்ச்சல். நிச்சயமான பெண். லேடி டாக்டரின் கிளினிக்குக்கு எதிர்வீடு மாப்பிள்ளையின் பெரியம்மா வீடு.

“அவங்க பாத்தா கல்யாணமே நின்னுடும்க்கா” என்று அழுதாள்.

அக்கா அன்று முதன்முறையாகக் கிசுகிசுத்தார். “ஒருத்தி போனாத்தானே பேசுவாங்க? எல்லாரும் போலாம்.” அது மாடிவரை கேட்டது.

மறுநாள் காலை வார்டன், சமையற்காரம்மா உட்பட விடுதியே தெருவில் இறங்கியது. கோலம் போட்டுக்கொண்டிருந்த பெரியம்மா நிமிர்ந்தார்.

“இன்னாம்மா, ஊர்வலமா?”

“செக்கப்! பொம்பளைங்க ஒடம்பாச்சே, பாத்துக்க வேணாமா? நீங்களும் வாங்க” என்றார் அக்கா.

சுமதி என் தோளுக்குப் பின்னால் ஒளிந்தாள். பெரியம்மா தெருவை இருபுறமும் பார்த்தார். கோலமாவுக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

“இரும்மா, செருப்பு போட்டுக்கினு வரேன். எனக்கும் ரொம்ப நாளா ஒண்ணு கேக்கணும்.”

“யாரு பேஷன்ட்?” என்றார் டாக்டர். அத்தனை கைகளும் உயர்ந்தன, பெரியம்மாவின் கையும்.

ஒவ்வொருவராக உள்ளே போனோம். சுமதிக்குக் கிருமித்தொற்று. பொடி குணமாக்கும் என்பதற்கு நிரூபணம் ஏதும் இல்லை. உள்ளே கழுவியது தொல்லையைக் கூட்டியிருக்கிறது என்று சொல்லி, மாத்திரை எழுதிக்கொடுத்தார் டாக்டர். சுமதி குணமானாள். லேகியக்காரர் பொடியை விட்டுவிட்டு லேகியத்தோடு நிறுத்திக்கொண்டார். பெரியம்மாவோ, “அந்த ஆஸ்டல் பொண்ணுங்க தங்கம்” என்று சொந்தக்காரர் வீடெல்லாம் சொல்லித் திரிந்தார்.

தை மாதம் கல்யாணம். தாலி ஏறியதும் சுமதி நிமிர்ந்து கூட்டத்தில் யாரையோ தேடினாள். யாரென்று எங்களுக்குத் தெரியும். ஆளுக்கொரு கை கொடுத்து, அக்காவை முன்வரிசைக்குத் தள்ளிவிட்டோம்.