கலங்கரை விளக்கத்துப் பெண் பதினான்கு முறை கேட்டது பற்றி

எங்கும் நிறைந்து யாவையும் காப்பவன் திருவடி போற்றி, அயல்நாடு சென்றிருக்கும் மாப்பிள்ளை அவர்களுக்கு மாமனார் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். தங்கள் நலமும், தாங்கள் சென்ற காரியத்தின் நலமும் வேண்டி இருவேளையும் வழிபடுகிறேன். நலமல்லாத செய்திகள் அடுத்த பத்தியில் தொடங்குவதால், உணவை முடித்துக்கொண்டு படிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இக்கடிதத்துடன் வரும் டிவிடியைத் தாங்கள் வெள்ளிக்கிழமை ஓபரா என்னும் இசைநாடக அரங்கத்தாரின் சபையில் போட்டுக் காட்டவேண்டும் என்பதும், அச்சபையில் நம் மொழி கற்ற அம்மையார் ஒருவர் இருக்கிறார் என்பதும், அவர் தலையசைத்தால் இன்னும் ஆறு ஓபராக்களைத் தமிழ் எழுத்துடன் வெளியிடும் உரிமை நமக்கு என்பதும், அசைக்காவிட்டால் நம் நிறுவனத்தின் கதவுக்குப் பூட்டு என்பதும் நான் அறியாதவை அல்ல. அனைத்தையும் அறிந்தே அடாதது செய்தேன்.

திரையின் அடியில் ஓடும் எழுத்தை, அதாவது தாங்கள் சப்டைட்டில் என்று சொல்வதை, என்னிடம் ஒப்படைத்தபோது என் மகள் மூன்று விதிகள் சொன்னாள். பாடுபவர் வாய் திறந்த பின்பே எழுத்து வரவேண்டும். இரண்டு வரிக்கு மேல் கூடாது. பாடிய வரியையே திரும்பப் பாடினால் எழுத்தே வேண்டாம், திரையைக் காலியாக விடவேண்டும். முதலிரண்டும் செவியில் ஏறின. மூன்றாவது நெஞ்சில் ஏறவில்லை. ஓரடிக்கு ஒன்பது உரை காணும் மரபில் வந்தவன் நான். இந்த ஓபராவிலோ, கலங்கரை விளக்கக் காவலரின் மகள் கடல்மேல் போன காதலனை நினைந்து, “வருவேன் என்றாய், வரவில்லை” என்ற ஒரே வரியைப் பதினான்கு முறை பாடுகிறாள். ஒருமுறை பொருள் சொல்லிவிட்டுப் பதின்மூன்று முறை வாளாவிருப்பது, விருந்தினர் முன் இலையைப் போட்டுவிட்டு எழுந்து போவதற்கு ஒப்பாகும் என்று எனக்குத் தோன்றியது. ஆகவே இரண்டாம் முறை அவள் பாடியபோது யாக்கை நிலையாமை பற்றி ஒரு வெண்பா எழுதினேன். மூன்றாம் முறைக்குச் செல்வம் நிலையாமை. நான்காம் முறைக்கு அவா அறுத்தல். ஒன்பதாம் முறை வருவதற்குள் அவள் முற்றத் துறந்துவிட்டாள். பதினான்காம் முறை இறைவனடியில் கலந்தே போனாள். அந்நேரம் பார்த்து மாலுமி மேடைக்கு வந்துவிட, இவள் ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொண்டாள்.

உடனிருந்து பார்த்த உங்கள் அத்தை கேட்டாள்: “ஏங்க, இவ சாமியாராயிட்டான்னு இப்பத்தானே எழுதுனீங்க? அப்புறம் யாரைப் போய்க் கட்டிப் பிடிக்கிறா?”

“அது பற்றற்ற நிலையில் நிகழ்வது” என்றேன்.

“பாத்தா அப்படித் தெரியலையே” என்றாள்.

இதோடு நின்றதா? துறைமுகத்தில் மாலுமிகள் நாற்பது பேர் கூடிக் “குடிப்போம் குடிப்போம்” என்று பாடும் கட்டம் ஒன்று உண்டு. இந்தக் கையால் அந்தச் சொல்லை எழுத மனம் ஒப்பவில்லை. “அருளமுதம் பருகுவோம்” என்று எழுதிவிட்டேன். “அமுதம் குடிச்சவங்க ஏன் இப்படித் தள்ளாடுறாங்க?” என்று உங்கள் அத்தை அப்போதே எச்சரித்தாள். நான் செவிமடுத்தேனில்லை. அலுவலகத்தில் வெள்ளோட்டம் பார்க்கவேண்டும் என்று சொன்னார்களே என்று, என் வழிபாட்டுக் கூட்டத்து நண்பர்கள் ஆறு பேரை அழைத்து முன்வரிசையில் உட்காரவைத்துப் படத்தைப் போட்டேன். அருளமுதம் வந்த இடத்தில் அறுவரும் எழுந்து நின்று கைகூப்பிவிட்டார்கள், ஒருவர் கண்ணில் நீர் வேறு, அந்த நேரம் பார்த்து உங்கள் மனைவி உள்ளே வந்தாள், திரையைப் பார்த்தாள், இவர்களைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“அப்பா, குடிகாரங்க பாட்டுக்கு எல்லாரும் கும்பிட்டுட்டு நிக்கிறாங்க. என்னதான் பண்ணி வச்சிருக்கீங்க?”

நான் வாய் திறக்குமுன் எடிட்டர் முந்திக்கொண்டார். மூக்கில் ஒரு கண்ணாடியும் தலையில் ஒரு கண்ணாடியும் வைத்திருப்பாரே, அவர்தான். “நான் போன வாரமே சொன்னேம்மா. பாடகி முகமே தெரியலை. தாடை வரைக்கும் வெண்பா.”

வெண்பா என்றால் நான்கடி, இரண்டில் நிறுத்தினால் அது குறள் வெண்பா ஆகிவிடும் என்று விளக்கினேன். “அப்ப அதையே போட்டிருக்கலாமே ஐயா” என்றார். சொல்வது அவருக்கு எளிது. பதினைந்து சொல்லில் அடங்காத வைராக்கியத்தை ஏழு சொல்லில் அடைக்கும் வரம் எனக்கு வாய்க்கவில்லை.

ஆனாலும் மாப்பிள்ளை, அன்று மாலை நிதானமாக அமர்ந்து யோசித்தேன். மூன்று வருஷம் அந்த அரங்கத்தார் வாசலில் தாங்கள் நின்றது இதற்காகவா? அந்த அம்மையார் என் வெண்பாவைப் படித்துவிட்டுத் தாங்கள் ஓபரா கேட்டு வந்தீர்களா, மடம் நடத்த வந்தீர்களா என்று கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? துறவைப் பற்றிப் பதின்மூன்று வெண்பா எழுதியவனுக்கு அடக்கம் இல்லாமல் போயிற்றே என்று வெட்கினேன். நானும் எடிட்டரும் நான்கு நாள் அமர்ந்து அனைத்தையும் களைந்தோம். மாலுமிகள் இப்போது குடிக்கிறார்கள், நன்றாகவே குடிக்கிறார்கள். பெண் முதல்முறை பாடும்போது மட்டும் எழுத்து வரும். மற்றப் பதின்மூன்று இடங்களிலும் விதிப்படி திரை வெறுமையாக இருக்கும், ஓரெழுத்தும் இல்லை. டிவிடி அட்டையிலிருந்து என் பெயரை நீக்கிவிடவும். அடுத்த ஆறுக்கும் வேறு ஆளைப் பாருங்கள். இதையே என் விலகல் மடலாகக் கொள்ளவும்.

எடுத்த காரியம் இனிதே முடிந்து, தாங்கள் பழுதின்றி இல்லம் திரும்பவும், தங்கள் சொல் சபையேறவும் எல்லாம் வல்லவன் துணைநிற்பானாக. உங்கள் அத்தையும் ஆசி கூறுகிறாள்.

இங்ஙனம்,
தங்கள் மாமனார்.

பின்குறிப்பு: இன்று காலை உறையை ஒட்டுமுன், திருத்திய டிவிடியை உங்கள் அத்தை ஒருமுறை போட்டுப் பார்த்தாள். அந்தப் பாட்டு முடிந்தும் எழுந்திருக்கவில்லை.

“அவ கேட்டுட்டே இருக்கா. நீங்க பேசாம இருக்கீங்க” என்றாள்.

“முன்பு எழுதியதற்குச் சிரித்தவள் நீதானே?”

“அப்ப அவளுக்குப் புத்தி சொன்னீங்க. அவ புத்தியா கேட்டா? ஏன் வரலைன்னுதானே கேட்டா!”

பின் அவளே சொல்லத் தொடங்கினாள். நான் எழுதுகோலை எடுத்தேன். “படியில சத்தம் கேட்டா நீங்கதான்னு எழுந்தேன்.” “சோறு ரெண்டு தடவை சுட வச்சுட்டேன்.” “பக்கத்து வீட்டுக்காரர் எப்பவோ வந்துட்டார்.” கலங்கரை விளக்கத்துக்குப் பக்கத்து வீடு கிடையாது என்று குறுக்கிட்டேன். “உங்களுக்கு எப்பவும் இப்படித்தான்” என்றாள். அதையும் எழுதிக்கொண்டேன். எதுவும் இரண்டு வரியைத் தாண்டவில்லை. எங்கிருந்து வருகிறது இவ்வளவும் என்று கேட்டேன். “நாப்பத்தோரு வருஷம்” என்றாள்.

எடிட்டர் ஒரு மணி நேரத்தில் ஏற்றிக் கொடுத்துவிட்டார். ஆகவே திரை வெறுமையாக இருக்கும் என்று மேலே எழுதியது மெய்யன்று. விலகலும் இல்லை. அம்மையார் தலையசைப்பாரா என்பதை நான் அறியேன்.

ஒன்று மட்டும். பதினான்காவது வரியை உங்கள் அத்தை சொல்லவில்லை. கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்த உங்கள் மனைவி சொன்னாள். சபையில் போடுமுன் அதைத் தாங்கள் தனியே ஒருமுறை பார்த்துக்கொள்வது நலம்.