ஒன்பதாம் பக்கத்தில் ஓட்டை

பிரிக்பீல்ட்ஸ் படிப்பகத்தில் புத்தகங்களை நாசம் செய்தவை இரண்டு. ஒன்று கரையான், மற்றது ஓட்டைக்காரர். கரையான் மேல் எனக்குக் கோபம் கிடையாது. அது அபிப்பிராயம் சொல்லாது.

ஓட்டைக்காரர் கிள்ளான் ரயிலில் டிக்கெட் பரிசோதகர். டிக்கெட்டில் பிறை வடிவ ஓட்டை போடும் அதே இடுக்கியோடு மாலையில் படிப்பகத்துக்கு வருவார். எந்தப் பக்கத்தில் புத்தகம் சலிக்கிறதோ அங்கே ஓர் ஓட்டை போட்டு மூடிவிடுவார். அந்த இடத்தில் இறங்கிவிட்டார் என்று அர்த்தம். படிப்பகச் செயலாளர் தடுக்கமாட்டார். அலமாரி செய்து கொடுத்தது ஓட்டைக்காரர் அல்லவா?

நூறு வயது வாழ வழி சொன்ன புத்தகத்துக்கு நாற்பதாம் பக்கத்தில் ஓட்டை. "உப்பை விடணுமாம். உப்பில்லாம நூறு வருசம் உக்காந்து என்னா பண்றது?"

காசி யாத்திரைப் புத்தகம் பதினாறைத் தாண்டவில்லை. "இன்னும் பெட்டி கட்டுறான் லா. நம்ம ரயிலு கூட இவ்வளவு லேட்டு இல்ல."

இறங்கிய புத்தகத்தில் மறுபடி ஏறமாட்டார். ரயிலிலும் அப்படித்தான். நடுவழியில் வெற்றிலை வாங்க இறங்கிய கிழவரை மறுபடி ஏற விடவில்லை. "ஓட்டை போட்டு எறங்கினா அது செத்த டிக்கெட்டு, பெரியவரே."

அப்போது நான் ஒரு நாவல் எழுதினேன். ரப்பர் தோட்டத்துக் கதை, நூற்றுப் பன்னிரண்டு பக்கம், இரண்டு வருட உழைப்பு. அச்சடித்து முதல் பிரதியைப் படிப்பகத்தில் வைத்தேன். மனிதர் கடைசிவரை போக வேண்டுமே என்று நாலு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒன்பதாம் பக்கத்தில் ஓட்டை.

"என்னாண்ணே குறை?" என்றேன்.

"ஒம்போது பக்கமா சூரியன் உதிக்குது தம்பி. தோட்டத்துல இருட்டுலயே பேர் கூப்பிட்டு ஆள வேலைக்கு வெரட்டிருவான். ஒன் ஆளு நின்னு வானத்தப் பாக்குறான். அவனுக்கு யாரு சம்பளம் குடுக்கிறது?"

படிப்பகமே சிரித்தது. அவர் சொன்னது உண்மை என்பதால் எனக்கு இன்னும் எரிந்தது.

"டிக்கெட்டுல ஓட்டை போடுற ஆளுக்குக் கதையப் பத்தி என்னா தெரியும்?" என்று கத்திவிட்டு வெளியேறினேன். மூன்று வருடம் அந்தப் பக்கம் போகவில்லை. ஸ்டேஷனில் அவரைக் கண்டால் வேறு பெட்டியில் ஏறினேன். அதற்குப் பிறகு ஒரு வரியும் எழுதவில்லை. அதற்கும் அவரையே திட்டினேன்.

செந்தூலில் காய்ச்சலில் அவர் இறந்த செய்தி வந்தது. அடக்கத்துக்குப் போகவில்லை. மறுவாரம் என் புத்தகத்தைத் தூக்கிவந்து அடுப்பில் போடலாம் என்று படிப்பகத்துக்குப் போனேன்.

புரட்டினேன். ஒன்பதில் பிறை. முப்பத்தேழில் இன்னொரு பிறை. எழுபதில் ஒன்று. நூற்று மூன்றில் ஒன்று.

செத்த டிக்கெட்டில் மூன்று முறை ஏறியிருக்கிறார். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான்தான் வேறு பெட்டியில் போய்க்கொண்டிருந்தேனே.

மிச்சம் இருந்தது ஒன்பதே பக்கம். பக்கத்தில் உட்கார்ந்து நானே படித்துக் காட்டியிருப்பேன், படுபாவி மனுசன்.