பொய் சொல்லாத கரடி டிவி பார்த்த கதை

ஒரு காட்டில், சிக்னல் இரண்டு கோட்டுக்கு மேல் ஏறாத ஒரு மூலையில், சடையாண்டி என்றொரு கரடி வாழ்ந்துவந்தது. பிறந்தது முதல் அது ஒரு பொய்கூடச் சொன்னதில்லை. "சாப்பிட்டாச்சா?" என்று யாராவது மரியாதைக்குக் கேட்டால், "இல்லை, உங்கள் வீட்டில் என்ன வைத்திருக்கிறீர்கள்?" என்று கேட்கும். அதனால் அதற்குக் காடு முழுக்க நல்ல பெயர். விசேஷங்களுக்கு மட்டும் யாரும் கூப்பிடுவதில்லை.

சடையாண்டிக்கு ஒரே மகள், தேன்மலர். அவளையும் அது பொய்யின் வாடையே படாமல் வளர்த்தது. கபடியில் அவள் புலி என்று ஊரே சொன்னது. கரடியைப் புலி என்று சொல்வது பொய்யில் சேருமோ என்று பயந்து, சடையாண்டி மட்டும் "என் மகள் கபடியில் நல்ல கரடி" என்று சொல்லிவந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு, ஆற்றுக்கு அக்கரையில் இறுதிப் போட்டி. தேன்மலர் அணியோடு முன்பே போய்விட்டாள். ஆற்றில் வெள்ளம் வந்ததால் பாலத்தை மூடிவிட்டார்கள். காலையில் மகள் போன் செய்தாள்.

"அப்பா, கடைசியா பாடிப் போறதுக்கு முன்னாடி கேமராவைப் பார்த்து ரெண்டு தடவை மூக்கைச் சொறிவேன். அது உங்களுக்குத்தான். பார்ப்பீங்கல்ல?"

"பார்க்கிறேன்மா" என்றது சடையாண்டி.

சொல்லியாகிவிட்டது. பார்க்காவிட்டால் அது பொய்யாகிவிடும்.

கேபிள் நடத்தும் நரி ஜம்புலிங்கத்தைக் கூப்பிட்டது. ஜம்புலிங்கம் ஏணியோடு வந்து, டிவியைப் பார்த்து உச்சுக்கொட்டியது.

"அண்ணாச்சி, இந்த மேட்ச் கேபிள்ல வராது. நெட்லதான். பக்கத்து மரத்துக் குரங்கு வீட்ல கணக்கு வெச்சிருக்காங்க. பாஸ்வேர்டு காட்டுக்கே தெரியும். அதைப் போட்டுருவோமா?"

ஜம்புலிங்கம் அந்தப் பாஸ்வேர்டைப் போட்டதும் திரை கேட்டது: 'இக்கணக்கு ஒரே குடும்பத்தினருக்கு மட்டும். தாங்கள் இக்குடும்பத்தைச் சேர்ந்தவரா?'

"நான் குரங்கு இல்லையே, தம்பி."

"சித்தப்பான்னு நினைச்சுக்கோங்க. மான் குடும்பமே அதுலதான் சீரியல் பார்க்குது."

"மான் பார்க்கட்டும். நான் கரடி."

ஜம்புலிங்கம் பெருமூச்சு விட்டுப் புதுக் கணக்கு தொடங்க உட்கார்ந்தது. மணி இரண்டரை.

திரையில் எழுத்துகள் கட்டம் கட்டமாக வந்து நின்றன. ரிமோட்டில் அம்புக்குறியை நகர்த்தி ஒவ்வொரு எழுத்தாகப் பிடிக்க வேண்டும். கரடியின் கை ஒரே அமுக்கில் நாலு பொத்தானை அமுக்கியது. சடையாண்டி என்று முடிப்பதற்குள் டிவி இரண்டு முறை அணைந்தது, ஒரு முறை ஜப்பானிய மொழிக்குப் போய்விட்டு வந்தது.

'தாங்கள் ரோபோ அல்ல என்பதை உறுதிசெய்க.'

"இது உண்மை" என்று சந்தோஷமாக அமுக்கியது சடையாண்டி.

'தங்கள் பிறந்த தேதி?'

"ஜூன் அஞ்சு போடுங்க" என்றது ஜம்புலிங்கம். அந்தக் காட்டில் பாதிப் பேருக்கு ஜூன் ஐந்துதான். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது தலைமையாசிரியர் யானை கையிலிருந்த காலண்டரைப் பார்த்துப் போட்டுக் கொடுத்த தேதி அது. பொய்த் தேதி வேண்டாம் என்று சொன்னதால்தான் சடையாண்டி பள்ளிக்கூடத்துக்கே போகவில்லை.

"நான் பிறந்தது பிப்ரவரி இருபத்தொன்பது."

"அதான் உங்களுக்கு நாலு வருஷத்துக்கு ஒரு தடவை புத்தி வேலை செய்யுது."

தேதியும் ஏறியது. மணி மூன்றே கால். இன்னும் ஒரே ஒரு கட்டம்தான் பாக்கி. அதன் பக்கத்தில் எழுதியிருந்தது: 'மேற்கண்ட விதிமுறைகள் அனைத்தையும் முழுமையாகப் படித்துப் புரிந்துகொண்டு ஒப்புக்கொள்கிறேன்.'

"டிக் அடிச்சா டிவி வந்துரும்" என்றது ஜம்புலிங்கம்.

"நான் படிக்கலையே. எங்க இருக்கு அது?"

"நூத்திப் பன்னிரண்டு பக்கம் அண்ணாச்சி. உலகத்துல இதுவரைக்கும் ஒருத்தரும் படிச்சதில்ல. எழுதின வக்கீலே பாதியில தூங்கியிருப்பார்."

சடையாண்டி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கியது. நாலாவது பக்கத்தில், இனி வரப்போகும் கிரகங்களிலும் இந்த ஒப்பந்தம் செல்லும் என்று போட்டிருந்தது. ஒன்பதாவது பக்கத்தில், இந்தச் சேவையைக் கொண்டு அணு உலை எதையும் இயக்க மாட்டேன் என்று உறுதி கேட்டது.

"இதுல எனக்குப் பூரண சம்மதம்" என்று சொல்லிவிட்டுப் பத்தாவது பக்கத்துக்குப் போனது.

நாலு மணி ஆயிற்று. பக்கத்து மரத்தில் குரங்குகளும் அதன் கீழே குடும்பத்தில் சேர்ந்துகொண்ட மான்களும் கூச்சல் போட்டன. நாலரைக்கு யாரோ "தேன்மலரு, விடாத" என்று கத்தினார்கள். சடையாண்டியின் ரோமம் சிலிர்த்தது. அது இருபத்திரண்டாவது பக்கத்தில் இருந்தது.

ஜம்புலிங்கம் ஏணியில் சாய்ந்துகொண்டு மெதுவாகக் கேட்டது: "அண்ணாச்சி, பாப்பாகிட்ட பார்க்கிறேன்னு சொன்னீங்கல்ல?"

"சொன்னேன்."

"பார்க்கலைன்னா அது பொய்தானே?"

சடையாண்டி கண்ணாடியைக் கழற்றியது.

"இந்தப் பொட்டிகிட்ட பொய் சொல்றீங்களா, பெத்த பொண்ணுகிட்ட பொய் சொல்றீங்களா? ரெண்டுல ஒண்ணு. சீக்கிரம் சொல்லுங்க, எனக்கு ஒட்டகச்சிவிங்கி வீட்ல வயர் இழுக்கணும்."

கரடி கண்ணை மூடிக்கொண்டு அமுக்கியது. இடி விழவில்லை. பூமி பிளக்கவில்லை. டிவிதான் வந்தது. "முதல் பொய்" என்று ஜம்புலிங்கம் ஒரு விரலைக் காட்டியது.

"நேயர்களே, ஆட்டத்தின் கடைசி நிமிடம்" என்று மூச்சு வாங்கியது வர்ணனையாளர் மைனா. "அக்கரை முயல்கள் முப்பது, நம் காட்டு அணி இருபத்தொன்பது. இதோ, தேன்மலர் பாடிப் போகிறார். ஒருவரைத் தொட்டால் சமன், இருவரைத் தொட்டால் கோப்பை. ஏனோ மூக்கைச் சொறிகிறார்."

சடையாண்டி டிவியைப் பார்த்துத் தன் மூக்கையும் இரண்டு முறை சொறிந்தது.

தேன்மலர் "கபடி கபடி" என்று பாய்ந்தாள். புழுதி கிளம்பியது. அடங்கியபோது இரண்டு முயல்கள் மல்லாந்து கிடந்தன, அவள் கோட்டைத் தாண்டித் திரும்பிவிட்டாள். நடுவர் கொக்கு இரண்டு விரலைக் காட்டியது. குரங்கு மரமே ஆடியது. கரடியும் நரியும் கட்டிப்பிடித்துக்கொண்டன.

அப்போது தேன்மலர் நேராக நடுவரிடம் போவது தெரிந்தது.

"சார், நான் ஒருத்தரையும் தொடல. அவங்களா பயந்து விழுந்துட்டாங்க."

கொக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுப்பதுபோலக் கேட்டது: "நல்லா யோசிச்சுச் சொல்லும்மா. நெசமாவே தொடலையா?"

"தொட்டேன்னு சொல்லு புள்ள" என்று சடையாண்டி டிவியைப் பிடித்து உலுக்கியது. "லேசா தொட்டேன்னு சொல்லு. நகம் பட்டுச்சுன்னாவது சொல்லு."

"தொடல சார்" என்றாள் தேன்மலர்.

கொக்கு விரல்களை மடக்கியது. நேரம் முடிந்ததற்கு விசில் ஊதியது. முயல்கள் எழுந்து, கோப்பையை வாங்கிக்கொண்டு போயின. மைனா ஒலிவாங்கியை நீட்ட, தேன்மலர் சொன்னாள்: "எங்கப்பா பார்த்துட்டு இருப்பாங்க. இது அவங்க சொல்லிக்கொடுத்தது."

குரங்கு மரத்திலிருந்து ஒரு பாதி தின்ற கொய்யா வந்து சடையாண்டியின் வாசலில் விழுந்தது.

சிறிது நேரத்தில் போன் அடித்தது.

"அப்பா, மூக்கைச் சொறிஞ்சதைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்மா."

"தோத்துட்டோம்ப்பா. ஆனா உங்களுக்குப் பெருமையாத்தானே இருந்துச்சு?"

சடையாண்டி, தன் பிடியில் நெளிந்துபோயிருந்த டிவியைப் பார்த்தது.

"ரொம்பப் பெருமையா இருந்துச்சும்மா."

"நெட்ல பார்க்கணும்னா நூத்திப் பன்னிரண்டு பக்கம் விதிமுறை வருமாமே, குரங்கு மாமா சொன்னாரு. அதை எப்படிப்பா சமாளிச்சீங்க?"

"படிச்சேன்மா. ஒரு வரி விடல."

ஜம்புலிங்கம் ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு, போகிற போக்கில் சத்தமில்லாமல் மூன்று விரலைக் காட்டியது.

நீதி: பிள்ளைகளுக்கு உண்மை பேசக் கற்றுக்கொடுங்கள், ஆனால் இறுதிப் போட்டி முடிந்த பிறகு தொடங்குங்கள்.