சூசையப்பர் வீட்டு மொய்

1970ஆம் ஆண்டு மே மாதம் 3ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, பகல் பன்னிரண்டு நாற்பது. வானத்தில் மேகம் என்று சொல்ல ஒரு துணுக்குக்கூட இல்லை. அக்கினி நட்சத்திரம் மறுநாள் தொடக்கம் என்று காலண்டரில் போட்டிருந்தது. காரைக்குடிக்கு அது ஒரு நாள் முன்கூட்டியே வந்து இறங்கிவிட்டது. அந்த வெயிலில், கோயில் வாசல் பந்தலில், ஒரு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, என் வாழ்நாளின் ஆகப்பெரிய முட்டாள்தனத்தை நான் அழகான கையெழுத்தில் எழுதிக்கொண்டிருந்தேன்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். எதைப் பார்த்தாலும் எண்ணிவிடுவது என் வியாதி. பஸ்ஸில் ஏறினால் தலைகளை எண்ணுவேன், பந்தியில் உட்கார்ந்தால் வாழை இலைகளை எண்ணுவேன். (கல்யாணமான புதிதில் என் மனைவி செசிலி அவித்த இட்லியையும் எண்ணினேன். ஒரே ஒருமுறைதான்.)

இயேசுவை வளர்த்த தச்சர் சூசையப்பரின் பெயரில் இருக்கும் எங்கள் கோயிலில் பாய் விரித்து நெருக்கி உட்கார்ந்தால் நூற்றெண்பது பேர் கொள்ளும். மில் வந்து, கல்லூரி வந்து, வேலைக்கு வந்த குடும்பங்களும் பெருகிய பிறகு, எந்த ஞாயிறு எண்ணினாலும் நானூறுக்குக் குறைவதில்லை. மீதிப் பேர் புளியமரத்தடியில் நின்று பூசை கண்டார்கள். உள்ளே மணி அடிப்பது வெளியே கேட்காது. வாசலில் நிற்பவர் முழங்காலிட்டால் அவரைப் பார்த்து அடுத்தவர், அவரைப் பார்த்து அதற்கடுத்தவர் என்று பக்தி மரத்தடி வரை போய்ச் சேருவதற்குள் உள்ளே எழுந்து நின்றுவிடுவார்கள்.

கோயிலை நாற்பதடி நீட்டி, இரண்டு பக்கமும் சிறகு எடுத்து, பிள்ளைகளின் ஞானோபதேச வகுப்புக்கு ஒரு கூடமும் சுற்றுச்சுவரும் கட்டுவது என்று திட்டம் போட்டோம். ஆயர் (பிஷப்) இல்லத்திலிருந்து பதில் வந்தது: ஜூன் முடிவதற்குள் பங்கு மக்கள், அதாவது அந்தக் கோயிலைச் சேர்ந்தவர்கள், எட்டாயிரம் ரூபாய் காட்டினால் மீதியை நாங்கள் தருகிறோம், இல்லாவிட்டால் அந்தப் பணம் வேறு பங்குக்குப் போய்விடும்.

எங்கள் உண்டியலில் ஞாயிற்றுக்குச் சராசரி பதினொரு ரூபாய் விழும். கட்டடக் கமிட்டிக் கூட்டத்தில் நான் எழுந்து, "இந்த வேகத்துல போனா எட்டாயிரத்துக்குப் பதினாலு வருசம் ஆகும்" என்றேன். ஒருவரும் கைதட்டவில்லை. உட்கார்ந்திருக்க வேண்டும். உட்காரவில்லை.

"உண்டியல்ல யாரு எவ்வளவு போட்டாகன்னு ஒருத்தருக்கும் தெரியாது. அதான் நாலணா விழுகுது. ஒரு கறி விருந்து வைப்போம். மொய் மேசை போட்டு, பேரைச் சத்தமாச் சொல்லி எழுதுவோம்."

எங்கள் பங்குச் சாமியார் மங்களூர்ப் பக்கத்துக்காரர். தமிழைப் புத்தகத்தில் படித்து, புத்தகம் போலவே பேசுவார். "மொய் என்றால் என்ன?" என்று கேட்டார்.

"விருந்துக்கு வர்றவுக அன்பாக் குடுக்கறது சாமி" என்றேன்.

இது மொய்யின் இலக்கணத்தில் முதல் பாதி. இரண்டாம் பாதியைச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. ஊரில் நடக்கும் விசேஷங்களில் நானும்தான் மொய் செய்திருக்கிறேன். ஆனால் கோயில் என்று வந்துவிட்டால் மொய் தானாகவே காணிக்கையாகிவிடும் என்று என் பி.எஸ்ஸி., பி.டி. மூளை முடிவுகட்டியிருந்தது.

ரோஸ் நிறத் தாளில் ஐந்நூறு அழைப்பிதழ் அடித்தோம். அச்சகத்துக்காரர், "கீழ யாரு பேரு போட?" என்றார். நான் சற்றும் தயங்காமல் "தங்கள் நல்வரவை நாடும், ம. ஞானப்பிரகாசம், பி.எஸ்ஸி., பி.டி." என்று எழுதிக் கொடுத்தேன். (சாமியார் பெயர் விட்டுப்போனதை அவர் கவனிக்கவில்லை. நான் கவனித்தேன்.)

அந்த ஞாயிறு கூட்டம் வந்ததே! வலையபட்டியிலிருந்து ஓர் ஆச்சி, அண்டா குண்டான்களை இரவல் கொடுத்ததோடு தாமும் வந்து பதினொரு ரூபாய் எழுதினார். செக்காலை ரோட்டில் தோல் வியாபாரம் செய்த மீரான் ராவுத்தர் நூற்றொன்று வைத்தார். உண்டியலைக் கண்டால் சில்லறை தேடும் எங்கள் சனம் மடியை அவிழ்த்து இருபத்தொன்று, ஐம்பத்தொன்று என்று நீட்டியது.

பிறகு அருளாயி வந்தாள். ஆப்பம் சுட்டு விற்றுப் பிழைக்கிற விதவை, கல்யாண வயதில் ஒரு மகள். முந்தானை முடிச்சை அவிழ்த்து, கசங்கிய நோட்டுகளை ஒவ்வொன்றாக நீவி மேசையில் வைத்தாள். "நூத்தி அம்பத்தொண்ணு. எழுதுங்க வாத்தியாரே."

"அருளாயி, யோசிச்சுத்தான் குடுக்கறியா?"

"ஒரு வாரமா யோசிச்சுட்டுத்தான் வாரேன்."

இப்படி ஒரு விசுவாசமா என்று அசந்துபோய், அவள் பெயரை மற்றவர்கள் பெயரைவிடக் கொஞ்சம் பெரிதாக எழுதினேன்.

மொத்தம் 643 பேர், 9,286 ரூபாய். ஆட்டுக்கும் அரிசிக்கும் போன 1,140 கழித்து 8,146. சாமியார் என்னைக் கட்டிப்பிடித்தார். பணம் ஆயர் இல்லத்துக்குப் போனது, செங்கல் வந்தது, சுவர் எழும்பியது. மூன்று மாதம் நான் தரையில் நடக்கவில்லை.

ஆகஸ்டில் ஒரு மாலை சாமியார் வீட்டில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தபோது மீரான் ராவுத்தர் வந்தார். தாம்பாளத்தில் பழம், வெற்றிலை, கல்யாணப் பத்திரிகை.

"சலாம் சாமி. மகளுக்கு நிக்காஹ் வச்சிருக்கேன். சூசையப்பர் வீட்டுக்குப் பத்திரிகை வைக்க வந்தேன்."

சாமியார் முகம் மலர்ந்துவிட்டது. "எவ்வளவு நல்ல மனம்! மணமக்களுக்காக நான் கட்டாயம் செபிப்பேன்."

"துவாச் செய்யுங்க சாமி, சந்தோசம். மொய்யையும் மறக்காமக் கொண்டாந்துருங்க."

"எந்த மொய்?"

"நாஞ் செஞ்ச நூத்தியொண்ணு. வாத்தியார்தான எழுதுனாக?"

சாமியார் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "ஞானப்பிரகாசம், காணிக்கையைத் திருப்பிக் கேட்கும் வழக்கம் இங்கே உண்டா?"

மொய்யின் இரண்டாம் பாதி அந்த நிமிடம்தான் என் மண்டைக்குள் வந்து உட்கார்ந்தது. செய்தவன் வீட்டு விசேஷத்தில் அதைத் திருப்பிச் செய்ய வேண்டும். வாங்கியதை மட்டும் வைத்தால் உறவை முறித்ததாக அர்த்தம். மேலே கொஞ்சம் கூட்டித்தான் வைக்க வேண்டும். அறுநூற்று நாற்பத்து மூன்று பேர். எத்தனை கல்யாணம், எத்தனை காதுகுத்து, எத்தனை சடங்கு! மனக்கணக்காகப் போட்டுப் பார்த்தேன். 1990 தாண்டியும் முடியவில்லை.

"பணம் எங்கே இருக்கிறது?" என்றார் சாமியார்.

சன்னல் வழியாகச் சுவரைக் காட்டினேன்.

அடுத்த ஞாயிறு சூசையப்பர் சுரூபத்தின் காலடியில் பதினான்கு பத்திரிகைகள் வெற்றிலை பாக்கோடு இருந்தன. சாமியார் பிரசங்கத்தை நிறுத்தி, "நீங்கள் தந்தது கடவுளுக்குக் கொடுத்த காணிக்கை. அது திரும்பி வராது" என்று அறிவித்தார்.

பெண்கள் பக்கத்திலிருந்து அருளாயி எழுந்தாள்.

"உண்டியல்ல போட்டாக் காணிக்கை சாமி. நோட்டுல எழுதுனா மொய். இது பச்சப்புள்ளைக்கும் தெரியும். தையில என் மக லூர்துக்குக் கல்யாணம். அந்தக் காசுதேன் தாலிக்கும் தோட்டுக்கும்."

"அப்ப அதை ஏன் அருளாயி இங்க கொண்டாந்து குடுத்தே?" என்று நான் கத்திவிட்டேன். (பூசை நடுவில். நற்கருணைப் பேழைக்கு முன்னால்.)

"வேற யாருக்கிட்டக் குடுக்க? மனுசருக்குச் செஞ்சா ஊரை விட்டு ஓடிருவாக, இல்ல செத்துப் போவாக. சூசையப்பரு எங்குட்டு ஓடுவாரு?"

ஊரே அவளைப் பார்த்துத் தலையாட்டியது. நான் அசந்துபோன விசுவாசம் முழுவதும் அங்கே வெளிச்சமாகிவிட்டது. இத்தனை பேரும் துணிந்து மடியை அவிழ்த்தது, ஓடிப்போகாத ஒரு வீட்டுக்காரர் கிடைத்ததால்தான்.

உபதேசியார், கோயிலில் செபம் சொல்லிக்கொடுக்கிற வயதான மனிதர், சட்டைப் பையிலிருந்து அந்த ரோஸ் தாளை எடுத்து விரித்தார். "சூசையப்பரைக் குத்தஞ் சொல்ல வேணாம் சாமி. கீழ பேரு போட்டுக் கூப்புட்டவுக இவுக. பட்டமெல்லாம் போட்டிருக்கு."

நானூறு பேர் என்னைப் பார்த்தார்கள். மரத்தடிக்காரர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் செசிலி அலமாரியைத் திறந்தாள். ரேடியோ வாங்குவதற்காக இரண்டு வருடம் சேர்த்த முந்நூறு ரூபாய் இருந்தது.

"ராவுத்தருக்கு நூத்தியொண்ணு, அருளாயிக்கு நூத்தி அம்பத்தொண்ணு. எடுத்துட்டுப் போங்க."

"உனக்கு ரேடியோ?"

"எனக்கு எதுக்கு ரேடியோ? ஊரெல்லாம் உங்களப் பத்தித்தான் பேசுறாக. தெருவுல நின்னாலே கேக்குது."

தை மாதத்தில் லூர்துவின் கல்யாணம் பாதி கட்டிய கோயிலில், சாரக் கம்புகளுக்கு நடுவே நடந்தது. கல்யாணத்துக்கு நான்கு நாள் முன்பே அருளாயியிடம் பணத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன், தாலி வாங்க வேண்டுமே என்று. அவள் வாங்க மறுத்துவிட்டாள். "மேசையிலதான் வைக்கணும். நாலு பேரு கேக்கணும். தட்டாருக்கிட்டக் கடஞ்சொல்லி வாங்கிட்டேன், மொய் முடிஞ்சதும் குடுத்துருவேன். அவரு இங்கனதான் இலை போட்டு உக்காந்திருப்பாரு."

மொய் எழுதியவர் நேமத்தான்பட்டிக்காரர், மாப்பிள்ளை வீட்டு ஆள். என்னைத் தெரியாது. ஐந்து ரூபாய் கூட்டி நூற்றைம்பத்தாறை வைத்தேன்.

"பேரு?"

"சூசையப்பர்."

"இனிசியல் சொல்லுங்க. இந்த நோட்டுலயே நாலு சூசையப்பர் இருக்காக."

"கோயில் சூசையப்பர்."

அவர் பேனாவை நிறுத்தி என்னை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டே முழங்கினார்: "காரைக்குடி, கோயில் சூசையப்பர், தச்சு வேலை, நூத்தி அம்பத்தாறூ!" பந்தியில் இருந்த தட்டார் கையை உதறிக்கொண்டு எழுந்தார். அருளாயி அவருக்கு அங்கேயே எண்ணிக் கொடுத்தாள். என் பக்கம் திரும்பி, "சாப்பிட்டுட்டுத்தான் போகணும் வாத்தியாரே, தச்சருக்கும் சேத்து" என்றாள்.

பிறகு ஒரு வழி பிறந்தது. 402 பேர், மனமுவந்தோ மனைவி திட்டியோ, "சூசையப்பருக்கே இருக்கட்டும்" என்று பெயரை அடித்துக்கொண்டார்கள். மற்ற 241 பேர் வைத்த தொகையை மாதம் ஒருமுறை தனி வசூல் எடுத்துக் கோயில் கொடுத்தது. மேலே வைக்கிற ஐந்து ரூபாய் மட்டும், அழைப்பிதழில் பெயர் போட்டவன் பொறுப்பு. எட்டு வருடம் காதுகுத்து, சடங்கு, கல்யாணம் என்று சூசையப்பர் பெயரில் அலைந்தேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் என்னைத் தச்சர் என்றார்கள்.

1978இல் என் மகள் முதன்முதலாக நற்கருணை வாங்கும் புதுநன்மை விழா. இதில் ஒரு நியாயம் இருக்கிறது என்று நினைத்தேன். 241 வீட்டுக்கு என் கைக்காசைக் கூட்டி வைத்திருக்கிறேன். அவர்கள் இப்போது எனக்குத் திருப்பிச் செய்ய வேண்டாமா? புதிதாகக் கட்டிய கோயில் கூடத்தில் விருந்து வைத்து, வாசலில் நானே மொய் மேசை போட்டு உட்கார்ந்தேன். எல்லோரும் வந்தார்கள். இரண்டு தரம் ரசம் கேட்டார்கள். கை கழுவினார்கள். என் மேசையைத் தாண்டி நேராகக் கோயிலுக்குள் போனார்கள்.

"அருளாயி, அங்குட்டு எங்க போற?"

"நல்லாக் கேட்டீக! என் நோட்டுல சூசையப்பர்னுதான இருக்கு? கூடமும் அவரு வீட்டுக் கூடம். அவரு வீட்டு விசேசத்துக்கு உங்க மேசையில எதுக்கு வைக்கணும்?" என்று சொல்லிவிட்டுப் போய் உண்டியலில் இருநூற்றொன்றைப் போட்டாள்.

அன்று ஒரே நாளில் நிறைந்த உண்டியலில்தான் எங்கள் கோயிலுக்கு மணிக்கூண்டு வந்தது. இன்றும் மணி அடித்தால் என் வீட்டில் யாராவது ஒருவர், "தாத்தா புதுநன்மை மொய் அடிக்குது" என்பார்கள். பேரன்கள் முதற்கொண்டு.

என் மேசையில் விழுந்தது பதினாறு ரூபாய். மாமனார் பதினொன்று, உண்டியல் என்று நினைத்து ஒரு வெளியூர்க்காரர் ஐந்து. அதை என் நட்டத்திலிருந்து கழித்துவிட்டேன். ராவுத்தருக்கும் அருளாயிக்கும் திருப்பிக் கொடுத்த தொகையைக் கோயிலிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை, அது 252. கூட்டி வைத்தது 1,205. பஸ் கட்டணம் 163 ரூபாய் 40 காசு. புதுநன்மை விருந்து 640. பல தடவை கூட்டிப் பார்த்துவிட்டேன், குறையவே மாட்டேன் என்கிறது: ரூபாய் 2,244, காசு 40.