தண்ணீர் வேண்டாத ஆவுடையப்பன்

ஒரு காட்டில் மரமே கிடையாது. பிறகு அது எப்படிக் காடு என்று என்னிடம் சண்டைக்கு வராதீர்கள். ரோட்டோரத்தில் மஞ்சள் போர்டு நட்டு 'காப்புக் காடு' என்று எழுதி வைத்திருக்கிறார்கள், அதனால் அது காடு. உள்ளே போனால் செம்மண், பாறை, அங்கங்கே உடைமுள், தலைக்கு மேலே வெயில். புத்தியுள்ள எந்த மிருகமும் அங்கே குடியிருக்காது. ஓணான்கள் குடியிருந்தன.

ஓணான் என்றால் நமக்கெல்லாம் வேலியில் உட்கார்ந்து தலையாட்டுகிற அந்த ஒரே ஆசாமிதான் ஞாபகத்துக்கு வரும். அங்கே போய் அப்படிச் சொன்னால் அடி விழும். வெயில் ஏற ஏறத் தலை சிவக்கிற கரட்டோணான் உண்டு. தொண்டையில் நீலமும் சிவப்புமாக விசிறி வைத்துக்கொண்டு எதற்கெடுத்தாலும் விரித்துக் காட்டுகிற விசிறியோணான் உண்டு. உடம்பை உதறி உதறியே மண்ணுக்குள் புதைந்து, கண்ணை மட்டும் வெளியே விட்டுவைக்கிற தேரைத்தலை ஓணான் உண்டு. வாலில் முள் வளையமும் வயிற்றில் இலை தழையும் தவிர வேறெதுவும் வைத்துக்கொள்ளாத சைவ ஓணானும் உண்டு. ஒவ்வொரு ஜாதியும் தான்தான் அசல் ஓணான், மற்றவை எல்லாம் செய்யும்போது கை தவறிப்போனவை என்று மனதார நம்பியது.

நம் கதாநாயகர் ஆவுடையப்பன் இதில் முள்ளோணான் ஜாதி. தலையிலிருந்து வால்வரை முள். பார்த்தால் பயமாக இருக்கும். பழகினால் எறும்பைத் தவிர யாருக்கும் கெடுதல் செய்யாத மனுஷன். அவருடைய தோலில் முள்ளுக்கும் முள்ளுக்கும் நடுவே மயிரிழை போலச் சின்னச் சின்ன வாய்க்கால்கள் ஓடின. காலை ஈரத்தில் வைத்தால் போதும், தண்ணீர் தானாக ஏறி, முதுகு வழியாக வந்து, கடைவாயில் இறங்கிவிடும். இது ஆவுடையப்பனுக்கே தெரியாது. எந்த ஓணான் தன் முதுகைப் பார்த்திருக்கிறது? தனக்குத் தாகமே எடுப்பதில்லை என்று மட்டும் அவருக்குத் தெரியும். அதை அவர் நல்ல குணம் என்று நினைத்திருந்தார்.

டவுனுக்குக் குடிதண்ணீர் கொண்டுபோகும் பெரிய குழாய் ஒன்று அந்தக் காட்டின் குறுக்கே போனது. ஓரிடத்தில் ஒழுகியது. யாரும் வந்து சரிசெய்யவில்லை. அந்த ஒரு விஷயத்துக்காக ஓணான்கள் மனிதர்களை வாயார வாழ்த்தின. சொட்டுச் சொட்டாக விழுந்த தண்ணீர் கீழே ஒரு பாறைக் குழியில் தேங்கியது. அதுதான் மொத்தக் காட்டுக்கும் குடிதண்ணீர்.

ஆரம்பத்தில் அங்கே தினமும் கடித்துக் குதறிக்கொண்டார்கள். அப்புறம் சைவ ஓணான் மாசானத்தைத் தலைவராக்கினார்கள். அவர் யாரையும் தின்ன மாட்டார் என்பதே தகுதி. மாசானம் வரிசை முறையைக் கொண்டுவந்தார். பாறைச் சரிவில் நகம் நனைகிற தண்ணீரில் வரிசையாக நிற்க வேண்டும். கால் நனையலாம், பெயர் கூப்பிடும்வரை வாய் நனையக் கூடாது. கூப்பிட்டதும் மூன்று மடக்கு. பெயர் கூப்பிடும் வேலை விசிறியோணான் தங்கப்பழத்துக்கு. எல்லோரும் தன்னைப் பார்க்க வேண்டும் என்று பிறந்ததிலிருந்தே ஏங்கியவன் அவன்.

முதல் நாள் ஆவுடையப்பன் வெயிலில் காத்து நின்று, முறை வந்தபோது வயிறு நிறைந்து ஏப்பம் விட்டார். "எனக்கு வேண்டாம்ப்பா, பின்னால நிக்கவங்களுக்குக் குடு" என்றார். உண்மையைத்தான் சொன்னார். பின்னால் நின்றவள் கரட்டோணான் முப்பிடாதி. வயிற்றில் முட்டையோடு நாக்கு வறண்டு நின்றவள், ஆறு மடக்குக் குடித்துவிட்டு அவர் காலில் விழுந்தாள். தங்கப்பழம் விசிறியை விரித்து, இப்படி ஒரு தியாகத்தை இந்தக் காடு கண்டதுண்டா என்று கத்தினான்.

அடுத்த நாளும் வேண்டாம் என்றார். அதற்கடுத்த நாளும். வரிசையில் நிற்கும்போது அவர் வாய் மட்டும் மெல்ல மெல்ல அசைவதைப் பார்த்தவர்கள், ஐயா உள்ளுக்குள் ஜபம் சொல்கிறார் என்று பேசிக்கொண்டார்கள். ஆவுடையப்பனும் அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தார். பிறகு ஆசையடக்கம் பற்றிக் கொஞ்சம் பேச ஆரம்பித்தார். ஏன், நானாயிருந்தாலும் பேசியிருப்பேன். சில இளவட்டங்கள் அவரைப் பார்த்துத் தண்ணீரை விட்டன. மயங்கி விழுந்த அவர்களைத் தெளியவைக்க அவர்கள் மிச்சம் பிடித்ததைவிட அதிகமாகத் தண்ணீர் செலவானது.

ஐயா நின்றாலே வரிசை ஒழுங்காக நிற்கிறது என்று கண்ட மாசானம், விடிந்ததிலிருந்து பொழுது அடைகிறவரை அவரைக் குழியின் விளிம்பிலேயே நிறுத்திவைத்தார். அன்றிலிருந்து தண்ணீர் குறைந்தது. வரிசையின் கடைசியில் நின்றவர்கள் வெறும் பாறையை நக்கிவிட்டுத் திரும்பினார்கள். எவனோ திருடுகிறான் என்று கூச்சல் எழுந்தது. தேரைத்தலை ஓணான் மண்ணுக்குள்ளிருந்து உறிஞ்சுகிறான் என்று கரட்டோணான் ஒருத்தன் சொன்னான். கரட்டோணான்தான் என்று தேரைத்தலை சொன்னான். கடைசியில் விசாரணைக் கமிஷன் போட்டார்கள். தண்ணீர் ஆசையே இல்லாத ஒருத்தர்தானே அதற்குத் தலைவராக இருக்க முடியும்? ஆவுடையப்பன் குழிக்குள்ளேயே இறங்கி நின்று காவல் காத்தார். தண்ணீர் இன்னும் வேகமாகக் குறைந்தது.

முப்பிடாதிக்குத்தான் முதலில் சந்தேகம் வந்தது. மற்ற எல்லோரும் காய்ந்த சருகாக இருக்கிற உச்சி வெயிலில் ஐயாவின் முதுகு மட்டும் பளபளத்தது. மெல்லக் கிட்டே போனாள்.

"அண்ணாச்சி, ஒங்க முதுகு நனைஞ்சிருக்கு."

"வேர்வை, தாயி."

"ஓணானுக்கு ஏது அண்ணாச்சி வேர்வை? காலைக் கொஞ்சம் தண்ணியவிட்டு எடுங்க பாப்போம்."

எடுத்தார். ஜபம் நின்றது. வைத்தார். ஜபம் ஆரம்பித்தது. மறுபடி எடுத்தார், மறுபடி வைத்தார். அதற்குமேல் அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"எனக்கு முட்டை உள்ளயே காஞ்சிரும்போல இருக்கு, அண்ணாச்சி" என்று மட்டும் அவள் சொன்னாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். தன் வாழ்நாளில் தனக்கு இருந்த ஒரே நல்ல குணமும் தோல் வியாதி மாதிரி ஒரு சங்கதிதான் என்று நினைக்க நினைக்க அழுகை வந்தது. அந்தக் கண்ணீரும் முள் இடுக்கில் ஓடி வாய்க்கே வந்து சேர்ந்தது.

அன்று சாயங்காலமே கூட்டத்தைக் கூட்டச் சொன்னார்.

"தண்ணியக் குடிச்சது நாந்தான்" என்றார். "கால் வழியாக் குடிச்சிருக்கேன். எனக்கே தெரியாது. என்னைய அடிச்சு வெரட்டுங்க."

தங்கப்பழம் விசிறியை விரித்தான்.

"கேட்டியளா? எவனோ செஞ்ச களவைத் தன் தலையில போட்டுக்கிடுதாரே! இவரைப்போல ஒருத்தரு உண்டுமா?"

கூட்டம் விம்மியது. ஆவுடையப்பன் பதறிப்போய், நிரூபித்துக் காட்டுகிறேன் என்று குழிக்கு ஓடி, எல்லோரும் பார்க்கக் காலை நனைத்தார். வாய் அசைந்தது. ஐயா ஜபத்தில் ஆழ்ந்துவிட்டார் என்று எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். தண்ணீர் இறங்குவதைப் பார்க்க ஒரு கண்கூடத் திறந்திருக்கவில்லை.

உண்மையால் ஒரு சொட்டுத் தண்ணீரையும் மிச்சப்படுத்த முடியாது என்று முப்பிடாதிக்குப் புரிந்துபோயிற்று. வயிற்றைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். இவ்வளவு பெரிய மகானைக் காலை நனைத்துக்கொண்டு கீழே நிற்கவைக்கிறோமே, நமக்கே இது அடுக்குமா, அந்த உச்சிப் பாறையில் ஏற்றி உட்காரவைக்க வேண்டாமா என்று கேட்டாள். கேட்டதுதான் தாமதம், அவர் திமிறத் திமிறத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

குழி நிறைந்தது. கடைசி ஓணானுக்கும் மூன்று மடக்குக் கிடைத்தது. எல்லாம் ஐயா பாறை ஏறிய பலன் என்றார்கள். அது உண்மைதான், அவர்கள் நினைத்த மாதிரி இல்லை. முப்பிடாதி பாறையடியில் குழி பறித்து நல்லபடியாக முட்டையிட்டாள்.

மேலே ஆவுடையப்பனுக்கு வாழ்க்கையில் முதல்முறையாகத் தாகம் எடுத்தது. தாகம் இவ்வளவு கேவலமானது என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. ஆசையடக்கம் பற்றிப் பேசியதெல்லாம் ஞாபகம் வந்து கூசியது. "தண்ணி" என்று கத்தினார். தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழியுங்கள் என்று ஐயா உபதேசிக்கிறார் என்று கீழே தங்கப்பழம் விளக்கம் சொன்னான். "எனக்குத் தண்ணி" என்றார். எனக்குத் தண்ணி வேண்டாம் என்பதைத்தான் சுருக்கமாகச் சொல்கிறார் என்றான். இறங்கிவர முயன்றால், காவலுக்கு நின்ற பக்தர்கள் கும்பிட்டு, திரும்பத் தூக்கி மேலே வைத்தார்கள். முள் எல்லாம் தொய்ந்துபோய், பேச்சும் நின்றுவிட்டது.

முப்பிடாதிக்கு மனசு கேட்கவில்லை. ஏற்றிவிட்டவள் அவள்தான், அவருடைய பங்கைக் குடித்து உயிரோடு இருப்பவளும் அவள்தான். தன் மூன்று மடக்கை வாயில் அடக்கிக்கொண்டு பாறை ஏறினாள். பக்தர்கள் மறித்தார்கள். ஐயாவுக்குத் தண்ணீர் கொடுத்து அவர் விரதத்தைக் கெடுக்கவா என்று கேட்டார்கள். அவளால் வாயைத் திறந்து பதில் சொல்ல முடியாது. நேரே போய் அவர் முதுகில் கொப்பளித்துவிட்டுத் திரும்பினாள்.

"குடுக்கலய்யா. அபிஷேகம் பண்ணுதேன்."

ஐயாவின் வாய் அசைந்தது. ஜபம் திரும்பிவிட்டது என்று காடே ஆர்ப்பரித்தது. மறுநாளிலிருந்து ஆளுக்கு ஒரு மடக்கு அபிஷேகத்துக்கு என்று மாசானம் உத்தரவு போட்டார். பிறகு இரண்டு மடக்கு ஆயிற்று. ஆவுடையப்பன் மினுமினுவென்று தேறினார். போதும் போதும் என்று அவர் சொல்லத்தான் செய்தார். போதும் என்கிற மனசு யாருக்கு வரும் என்று உருகி இன்னும் ஊற்றினார்கள்.

வரிசையின் கடைசியில் நின்றவர்கள் பழையபடி வெறும் பாறையை நக்கினார்கள். ஆனால் இந்தத் தடவை யாரும் விசாரணை கேட்கவில்லை. தண்ணீர் எங்கே போகிறது என்றுதான் எல்லோருக்கும் தெரியுமே.

நீதி: தாகம் எடுத்தால் தண்ணீர் கேட்காதீர்கள், ஒரு வாய்கூடக் கிடைக்காது. வேண்டாம் என்று சொல்லிவிட்டு உயரமான இடமாகப் பார்த்து உட்காருங்கள், குளிப்பாட்டியே விடுவார்கள்.