அன்னக் கரைக்கு மெமரி போதவில்லை

சென்னையில் ஏசிக் காற்றில் உட்கார்ந்தபடியே சம்பளம் வாங்கும் மச்சான் தனசேகரனுக்கு, பிள்ளையார்பாளையத்தில் வியர்த்துக்கொண்டிருக்கும் மாமா இளங்கோவன் எழுதுவது.

இங்கு நானும் உன் அக்கா சம்பூர்ணமும் நலம். கம்ப்யூட்டர்தான் நலமில்லை. போன் செய்தால் “ரீஸ்டார்ட் பண்ணுங்க மாமா” என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாதல்லவா, அதனால் எழுதுகிறேன்.

விஷயம் உன் மகள் சுகாசினியின் முகூர்த்தப் புடவை. தன் அம்மாவின் கல்யாணப் புடவையில் இருந்த அன்னக் கரைதான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். அந்தப் புடவையை நீங்களே அவளுக்குப் பாவாடையாக வெட்டித் தைத்தீர்கள், அவளும் போட்டுக் கிழித்துத் தீர்த்தாள். மிச்சம் இருப்பது உங்கள் கல்யாணத்துக்கு அன்று நான் கம்ப்யூட்டரில் வரைந்த டிசைன், ஒரு சிடியில். அதைத் திறக்கும் சாப்ட்வேர் விண்டோஸ் தொண்ணூற்றெட்டைத் தவிர யாரோடும் பேசாது. என் பழைய பெட்டியோ போன மழை ஒழுகலில் உயிரை விட்டது. கரை டிசைன் வராமல் தறிக்காரர் சிட்டிபாபு வெறும் பாவு நூலைத் தறியில் பூட்டிவைத்துக்கொண்டு, தினமும் என் வாசலில் சைக்கிள் மணி அடிக்கிறார்.

செகண்ட் ஹேண்டில் ஒரு பெட்டி வாங்கி, வழக்கம்போல் திறந்து, உள்ளே இருந்த குட்டி மெமரிக்கும் ஒரு குங்குமப் பொட்டு வைத்துத் தொடங்கப் போனேன். பக்கத்து வீட்டு ஜெபகுமாரைத் தெரியுமே, செவிலிமேட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன், அவன் எட்டிப் பார்த்து “இன்னாபா, இத்துனூண்டு மெமரிய வச்சிக்கினு? பழைய ஆளு சோறு ஜாஸ்தி துன்னுவான்பா” என்று தன் வீட்டு மெமரியைக் கழற்றிவந்து சொருகினான். இரவல் பொருள் என்பதால் அதற்குப் பொட்டு வைக்கவில்லை. விண்டோஸ் சிடியைப் போட்டால், மெமரி போதவில்லை, ஓடுகிற புரோகிராம்களை மூடு என்கிறது. உள்ளே இன்னும் எதுவுமே ஏறவில்லை, எதை மூடுவது? டிவியை மூடினேன், ஃபேனை நிறுத்தினேன், உன் அக்கா பேசிக்கொண்டிருந்தாள், அதை நிறுத்த எனக்குத் தைரியமில்லை. இழை போதவில்லை என்றால் இழை சேர்ப்பதுதானே நம்ம ஊர் வழக்கம், இன்னொரு மெமரியும் அவனிடமே வாங்கிச் சொருகினேன். அதே பதில். ஜெபகுமார் ரப்பரால் மெமரியின் கால்களைத் தேய்த்தான், ஊதினான், “கர்த்தரே” என்றான். நான் கற்பூரம் கொளுத்தினேன். “சோறு போடப் போடப் பசிக்குதுன்னு சொல்றது, உங்க வம்சம் மாரியே இருக்குது” என்றாள் உன் அக்கா. போடுகிற இடமெல்லாம் நிரம்பிவிட்டது, இன்னும் போதவில்லையாம். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

ஆகையால் மச்சான், ஞாயிற்றுக்கிழமைக்குள் அங்கே கிடைப்பதிலேயே பெரிய மெமரியாக வாங்கி வந்து சேர். இல்லையென்றால் உன் மகள் மணவறையில் அன்னம் இல்லாத வெறுங்கரையோடு உட்கார்ந்து என்னைத்தான் முறைப்பாள், வீடியோவில் காலத்துக்கும் அது இருக்கும்.

உன் வீட்டில் கரண்ட் போகாமலும், நெட் அறுந்துபோகாமலும், சம்பந்தி வீட்டார் கோபிக்காமலும் காமாட்சியம்மன் காப்பாளாக.

ஆசிகளுடன்,
மாமா இளங்கோவன்

பி.கு.: கவர் ஒட்டப் பசை தேடிப் போயிருந்தேன். அதற்குள் ஜெபகுமார் சம்சாரம் ஷாரோன் வந்து “அக்கா, எங்க சிஸ்டம் ஓடாம கெடக்குது, எங்க மெமரியக் குடுத்துடுங்கக்கா” என்றிருக்கிறாள். உன் அக்கா பெட்டியைத் திறந்து, பொட்டு வைத்தது நம்முடையது என்று விட்டுவிட்டு, பொட்டில்லாத இரண்டையும் பிடுங்கிக் கொடுத்துவிட்டாள். பதறிப்போய் ஸ்விட்சைப் போட்டேன். விண்டோஸ் சமர்த்தாக ஏறிவிட்டது! “மெமரி ரொம்ப இருந்தா அந்தப் பழைய விண்டோஸுக்கு எண்ணத் தெரியாதாம்பா, அதான் இல்ல இல்லன்னு சொல்லிக்கினு இருந்துக்குது” என்று ஜெபகுமார் இப்போது செல்லைப் பார்த்துச் சொல்கிறான். அன்னங்கள் திரையில் வரிசையாக நிற்கின்றன, சிட்டிபாபு டிசைனை வாங்கிக்கொண்டு மணி அடிக்காமல் போய்விட்டார். நீ வா, மெமரி வேண்டாம். வாங்கியிருந்தால் பஸ்ஸிலேயே விட்டுவிட்டு இறங்கு. ஒரே ஒரு சங்கடம். எது ஓடவில்லையென்றாலும் பொட்டில்லாததைக் கழற்றினால் போதும் என்று உன் அக்கா முடிவுக்கு வந்துவிட்டாள். மிக்சியில் எதையோ கழற்றியாகிவிட்டது. சற்று முன் என் நெற்றியை உற்றுப் பார்த்தாள். பெரிதாக ஒரு பொட்டு வைத்துக்கொண்டுதான் இதை முடிக்கிறேன்.