பல் டாக்டர் மாட்டிய ஆயில் மீட்டர்

ஞாயிற்றுக்கிழமை மனைவியின் பெரியப்பா வீட்டுக்குப் போவதில்லை என்று பல் டாக்டர் வெள்ளிக்கிழமையே முடிவு கட்டிவிட்டார். பெரியப்பா தன் மூட்டுவலியை ஆதியோடந்தமாகச் சொல்லத் தொடங்கினால், கேட்கிறவர்களுக்கும் மூட்டு வலிக்கும். ஆனால் ஊருக்கெல்லாம் பல் பிடுங்குகிறவரால், "நான் வரலை" என்ற இரண்டே வார்த்தையைத் தன் வாயிலிருந்து பிடுங்கிப் போட முடியவில்லை.

ஆகவே ஞாயிறு காலை ஆறு மணிக்கே காரின் பானெட்டைத் திறந்தார். எஞ்சினில் இருக்கும் ஆயில் சுவிட்சைக் கழற்ற வேண்டும். அந்த ஓட்டையில் மெல்லிய செம்புக் குழாயை மாட்டி, ஸ்டியரிங் பக்கத்தில் வைக்கும், ஆயில் பிரஷர் காட்டுகிற புது மீட்டர்வரை இழுக்க வேண்டும். இது மனைவிக்குச் சொன்ன திட்டம். சொல்லாத திட்டம்: குழாய் கசியும். கசிந்தால் கார் நகராது.

"ஏங்க, கிளம்புற நாள்ல இது எதுக்கு?" டார்ச் பிடித்தபடி கேட்டாள் மனைவி.

"எஞ்சினுக்கு பிரஷர் பாக்க வேண்டாமா? நடுவழியில மயங்கி விழுந்தா?"

"இந்த வேலை உங்களுக்குத் தெரியுமா?"

"ஓட்டை, அடைப்பு, கசிவு. இருபது வருஷமா வேற என்ன பண்றேன்?"

கசியாமல் இருக்கக் குழாய் முனையின் மரையில் வெள்ளை டேப் சுற்ற வேண்டும். திருகுகிற பக்கமாகச் சுற்றினால் இறுகும். எதிர்ப்பக்கமாகச் சுற்றினால் திருகத் திருகச் சுருண்டு வெளியே வந்துவிடும். டாக்டர் எதிர்ப்பக்கமாகவே சுற்றினார். நிதானமாக, ரசித்துச் சுற்றினார்.

காரை ஸ்டார்ட் செய்ததும் மீட்டர் முள் எழுந்தது. கூடவே இணைப்பிலிருந்து கறுப்பாக ஆயில் ஒழுகியது. அவசரமாக எஞ்சினை அணைத்தார்.

"அடடா! மரை கழண்டுடுச்சு."

"யாருக்கு?"

"குழாய்க்குத்தான்! இன்னிக்கு வண்டி அசையாது. பெரியப்பாகிட்ட நானே மன்னிப்பு கேட்டுக்கறேன்."

"சரி, போய்க் குளிங்க" என்றாள். சண்டை இல்லை, பெருமூச்சுகூட இல்லை. பயப்பட வேண்டிய இடம் அதுதான். டாக்டரோ குளியலறையில் ஒரு மணி நேரம் பாடினார்.

பழைய பனியனும் பேப்பருமாக வாசலுக்கு வந்தவர் அப்படியே நின்றார். கார் உறுமிக்கொண்டிருந்தது. அடியில் ஒரு சொட்டு இல்லை. ஓட்டுநர் இருக்கையில் மனைவி.

"எ... எப்படி?"

"நீங்க கழட்டின சுவிட்சையே திரும்ப மாட்டிட்டேன். டேப்பை மட்டும் சரியான பக்கமா சுத்தினேன். குறைஞ்ச ஆயிலையும் ஊத்திட்டேன். மீட்டர் பீரோவுல இருக்கு."

"உனக்கு யார் சொல்லிக் கொடுத்தா?"

"மீட்டர் பெட்டியில படம் போட்ட காகிதம் இருந்துச்சே. வாய்க்குள்ள எச்சில் படாம சிமென்ட் அடைக்கிற கை, டேப்பைத் தலைகீழா சுத்தினா அது கைத்தவறா? நான் டார்ச்சை வேற நேரா பிடிச்சுட்டிருந்தேன்."

டாக்டர் கடைசி ஆயுதத்தை எடுத்தார். "எனக்கு லேசா தலைவலி..."

"வழியில மாத்திரை வாங்கிக்கலாம். சீக்கிரம் சட்டையைப் போட்டுட்டு வாங்க. நீங்க பல் பிடுங்குற பெட்டியை டிக்கியில வச்சாச்சு. இன்னிக்கு எல்லாருக்கும் ஓசியில பல் பாப்பீங்கன்னு பெரியப்பாவுக்குப் போனும் பண்ணியாச்சு. அங்க பெரியப்பா தெருவே வாயைத் திறந்துக்கிட்டு வரிசையில உக்காந்திருக்கு."